நோயும் அந்நியரும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கொள்ளைநோய் பரவும்போது மருந்து தேடுமுன் பழிசுமத்த ஆள் தேடுவது மனித இயல்பாகிவிட்டது. இதற்கு நமது கரையோரமே சான்று.

2020ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி, இலங்கையின் முதற் கொரோனா நோயாளியாகச் சீனப் பெண்மணி ஒருவர் இனங்காணப்பட்டார். சீனரைக் கண்டாலே ஒதுங்கினோம். அவரோ குணமடைந்து, பெப்ரவரி 19ஆம் திகதி அங்கொடை வைத்தியசாலையினின்றும் வெளியேறினார். மார்ச் மாதம் இத்தாலியச் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டிய இலங்கையர் ஒருவருக்கு நோய் கண்டது. நமது அச்சம் வெள்ளையர்மேல் திரும்பிற்று. பின்னர், இத்தாலியில் உழைத்து வீடு திரும்பிய வென்னப்புவ, மாரவில, சிலாபத்து மக்கள்மேல் அது விழுந்தது. மார்ச் 18ஆம் திகதி நமது புத்தளம் மாவட்டத்திலும் கொச்சிக்கடையிலும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அவர்கள் அனுப்பிய பணத்தால் வாழ்ந்த ஊர்களிலேயே அவர்கள் அந்நியராயினர். இரண்டு மாதத்துக்குள் சீனரில் தொடங்கிய சந்தேகம் அடுத்த வீட்டுக்காரரில் வந்து நின்றது!

தமிழராகிய நமக்கு இது புதிதன்று. வெள்ளையர் ஆட்சியில், தோட்ட வேலைக்கென இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மண்டபம் முகாமிற் பல நாள் தடுத்துவைக்கப்பட்டனர். வாந்திபேதியையும் அம்மையையும் கொண்டுவருவோர் என்ற பெயர் அவர்களுக்கே சூட்டப்பட்டது.

ஆனால் 1934, 35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன மலேரியாவை எந்த அந்நியன் கொண்டுவந்தான்? மழை பொய்த்தது, தெதுரு ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, அக்குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

அப்படியாயின் வெளிநாட்டிலிருந்து வருவோரைத் தனிமைப்படுத்தல் தவறா? தவறன்று; அது அவசியம். ஆனால் ஒருவர் எங்கிருந்தார், எவருடன் பழகினார் என்பதே கணக்கிற் கொள்ளத்தக்கது. நிறமும் இனமும் கணக்கன்று. இகழப்படுவோம் என அஞ்சுபவன் தன் பயணத்தை மறைப்பான், காய்ச்சலையும் மறைப்பான். மறைத்த நோய் வைத்தியருக்கு எட்டாது; அயலவருக்கு எட்டும். ஆதலால் அவமதிப்பு அறத்துக்கு மட்டுமன்றிச் சுகாதாரத்துக்கும் பகையாகும்.

நண்பர்களே! நம்மிற் பலர் நாளை கட்டாருக்கும் இத்தாலிக்கும் தொழில் தேடிச் செல்வோம். அங்கே நாமே அந்நியர். இன்னொரு நோய் வருங்கால், தனித்திருக்கும் வீட்டின் படலையில் அரிசியும் மருந்தும் வைத்து, எட்ட நின்று சுகம் விசாரிப்பவர் நமது சங்கத்தவராயிருத்தல் வேண்டும். பெரியோர்கள் இதற்குத் துணைநிற்பார்களாக.