நிரலும் எழுத்துப்பிழையும்



வெள்ளவத்தை என்னும் பெயரை அறியாதார் நம்முள் யாருமிலர். காலி வீதியும் கடற்கரையும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அப்பெயரைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவன. அண்மையில் இணையத்தளம் ஒன்றிலே ஒரு முகவரியை அறிய வேண்டி, அப்பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தேடினேன். அப்படி ஓரிடம் இல்லை என்று விடை வந்தது. பட்டியலை வரிவரியாகப் படித்தேன். வெள்ளவத்தை அங்கே இருந்தது! கண்ணுக்குப் பிழையேதும் புலப்படவில்லை. எழுத்துகளைப் பிரித்து நோக்கியபோதே உண்மை வெளிப்பட்டது. முதலெழுத்து ‘வெ’ அன்று. ‘வௌவால்’ என்ற சொல்லில் வருகின்ற ‘வௌ’. அந்த ஔகார எழுத்தின்மேல் ஒரு புள்ளியும் வைக்கப்பட்டிருந்தது.

இப்பிழையைச் செய்தவர் யார்? எழுத்தறியாத எழுதுவினைஞர் அல்லர், ஒரு நிரல். கணினி இன்னது செய்க என மனிதர் எழுதி வைக்கும் கட்டளைத் தொகுதியையே நிரல் என்கிறோம்.

ஈழத்தில் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவிலே, ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கும் ‘ள’ என்னும் எழுத்துக்கும் விசை ஒன்றே. அச்சில் இரண்டும் ஒரே வடிவமாதலின் அது குறையாகத் தோன்றவில்லை. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியோ இரண்டிற்கும் வெவ்வேறு எண்களை வகுத்தது. பின்னர்ப் பழைய ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் எழுதப்பட்டன. கொம்பும் வகரமும் ளகர வடிவமும் அடுத்தடுத்து வரின் ‘வௌ’ என மாற்றுக என்று அவற்றுட் சில விதித்தன. வௌவாலுக்கு அவ்விதி பொருந்தும். வெள்ளம், வெள்ளி, வெளி, வெள்ளவத்தை என்பவற்றுக்கோ பொருந்தாது. ‘வௌ’ வருஞ் சொற்கள் தமிழிற் சிலவே; ‘வெள்’ வருவனவோ மிகப் பல. ஒரு வௌவாலைக் காக்கப் போய் ஓர் ஊரையே தொலைத்துவிட்டோம்.

கொட்டாஞ்சேனைக்கும் இத்தகைய இடர் உண்டு. சில எழுத்துருக்களில் துணைக்காலும் ரகரமும் ஒரே சாயலின. கொம்பு, ககரம், ரகரம் எனத் தட்டினாலும் திரையிற் ‘கொ’ என்றே தோன்றும். கணினிக்கோ அது ‘கெரட்டாஞ்சேனை’.

நமது அச்சுக்கூடங்களில் அச்சுக்கோப்பாளருக்கு அடுத்து ஒப்புநோக்காளர் ஒருவர் இருந்தார். அவர் கண்ணிற்படாமல் எந்தத் தாளும் வெளிச்செல்லாது. நிரல் எழுதுமிடத்திலோ அந்த நாற்காலி பல வேளைகளில் வெறுமையாக இருக்கின்றது. நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் தொகுப்பி பிழை பார்க்காதா என்று நீங்கள் வினவலாம். ஒரு பெயரை ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதினால் அது தடுக்கும். எல்லா இடத்திலும் ஒரே பிழையைச் செய்தால் வாய் திறவாது.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. வலைப்பக்கங்களைப் பரிமாறும் நெறிமுறை 1996இல் ஆவணமாக வெளிவந்தது. எப்பக்கத்திலிருந்து வந்தோம் எனக் குறிக்கும் ‘ரெஃபரர்’ என்ற ஆங்கிலச் சொல்லில், இரண்டு ‘ஆர்’ எழுத்துகள் சேர்ந்து வரவேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தது. அதற்குள் அந்தப் பிழையான பெயரையே நம்பி நிரல்கள் இயங்கத் தொடங்கிவிட்டன. திருத்தினால் ஒன்று சொல்வது மற்றொன்றுக்கு விளங்காது. ஆகவே இன்றும் உலாவிகள் அப்பிழையையே சுமந்து செல்கின்றன.

இத்தகைய பிழையைத் தொடக்கத்திலேயே காட்டுதற்கு உரியதே எழுத்துப்பிழை திருத்தி. நிரலில் மூன்றிடங்களை அது பார்த்தல் வேண்டும்: நிரலர் சூட்டும் பெயர்கள், பிற நிரலர்க்காக எழுதும் குறிப்புரைகள், பொதுமக்கள் காணும் செய்திகள். ஒட்டி எழுதிய பெயர்களைச் சொற்களாகப் பிரித்துப் பார்க்கும் திருத்திகளும் உள்ளன. நம் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் அதன் சொற்பட்டியலில் நாமே சேர்த்தல் வேண்டும். அன்றேல் சரியான பெயரையும் அது பிழையென்று கூறும்.

நான் கண்ட பிழையைப் பிடிக்க அகராதிகூட வேண்டியதில்லை. ஔகாரம் ஏறிய எழுத்துக்குப் புள்ளியோ மற்றோர் உயிர்க்குறியோ வாராது என்பது சிறுவரும் அறிந்த இலக்கணம். அவ்விலக்கணத்தைச் சில வரிகளில் நிரலாக எழுதிவிடலாம். நிரலைச் சோதிக்கும்போது வெள்ளவத்தை, வௌவால் ஆகிய இரு சொற்களையும் கொடுத்து, இரண்டும் பிழையின்றி வருகின்றனவா எனப் பார்த்தல் நன்று.

எனினும், திருத்தியே போதும் என்று வாளாவிருத்தல் தகாது. ‘அறம்’ என எழுத வேண்டிய இடத்தில் ‘அரம்’ என்று எழுதினால், இரண்டும் சொற்களாதலின் கருவி கடந்து சென்றுவிடும். கருவி ஐயத்தை எழுப்பும். முடிவு செய்பவர் மனிதரே.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. சட்டம் தந்த உரிமை நாள்தோறும் பயன்படுவது படிவங்களிலும் பதிவேடுகளிலுமே. இன்று அவை கணினியில் உள்ளன. வெள்ளைச்சாமி என்பவருடைய பெயர் பதிவேட்டில் இருந்தும், தேடுபவர்க்கு அகப்படாவிட்டால், அவர் வரிசையில் நின்று வெறுங்கையுடன் திரும்ப நேரும். தம் பெயர் எங்கே போயிற்று என்பதை அவர் எவ்வாறு அறிவார்?

நிரல் எழுதும் இளைஞர்களே! உங்கள் நிரலை வெளியே அனுப்புமுன், அதனை ஒருமுறை திருத்தியிடம் கொடுங்கள். பின்னர் உங்கள் கண்ணாலும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வெள்ளவத்தையைத் தேடுபவருக்கு வெள்ளவத்தை கிடைக்கட்டும்.