ஈயம் போன பிறகு பழைய எஞ்சின்

சிராங்கூன் சாலையில் ஒரு பழைய மோரிஸ் மைனர் போனால் நாம் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம். வட்ட முதுகும் துலக்கிய பம்பரும் கண்ணைக் கவரும். ஆனால் அதன் எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தில் செய்யப்பட்டது. அந்தப் பெட்ரோல் இன்று சிங்கப்பூரில் எந்தப் பம்பிலும் கிடையாது. எஞ்சின் கெட்டுவிடாதா? புட்டியில் விற்கும் ஈய மாற்றுக் கலவையை ஊற்றினால் போதுமா? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஈயம் என்றதும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். பெட்ரோலில் கலந்தது காரீயம், அது நஞ்சு. 1921இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எதில் ஈயம் என்ற திரவத்தைச் சிறிது சேர்த்தால் எஞ்சின் 'டக் டக்' என்று இடிப்பது நின்றுவிடுவதைக் கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே, அதைத் தயாரித்த நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். எச்சரிக்கை அப்போதே கிடைத்துவிட்டது. உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புகையில் வந்த ஈயம் சாலைத் தூசியில் படிந்து, பிள்ளைகளின் இரத்தத்தில் கலந்து, மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் பிள்ளைகளோடு இருக்கும் எங்களுக்கு, ஈயத்தை நிறுத்தியது சரி என்பதற்கு வேறு காரணமே வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் 1987இல் ஈயத்தின் அளவு லிட்டருக்கு 0.15 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 1998 ஜூலையில் ஈயப் பெட்ரோல் அடியோடு நின்றது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு நின்றது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்.

இனி எஞ்சினுக்குள் போவோம். எரிந்த புகையை வெளியே விடும் வால்வு, மூடும்போது ஓர் இருக்கையில் வந்து உட்காருகிறது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் இந்த இருக்கை தனிப் பாகமல்ல. எஞ்சின் தலையின் வார்ப்பிரும்பிலேயே கடைந்தெடுத்தது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், வால்வு நொடிக்கு 25 முறை அதில் வந்து மோதும். அந்தச் சூட்டில் இரும்புத் துகள் வால்வில் ஒட்டிப் பிய்ந்து, பிறகு அந்தத் துகளே இருக்கையை அரைக்கத் தொடங்கும். ஈயம் எரிந்த சாம்பல் நடுவே மெல்லிய பூச்சாகப் படிந்து இதைத் தடுத்துவந்தது. மிட்ஜ்லி தேடாத நன்மை இது.

புட்டியில் வரும் கலவைகளில் பாஸ்பரஸ், பொட்டாசியம், சோடியம், மாங்கனீஸ் இவற்றில் ஒன்று இருக்கும். ஈயம் செய்த பூச்சு வேலையை இவை செய்கின்றன. எல்லாம் அல்ல. 1990களின் இறுதியில் பிரிட்டனின் பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு இவற்றை எஞ்சினில் ஓட்டிப் பார்த்து, சிலவற்றுக்கு மட்டுமே ஒப்புதல் அளித்தது. ஒரு வகையோடு இன்னொரு வகையைக் கலக்கவும் கூடாது. புகைக்குழாயில் வினையூக்கி பொருத்திய புது வண்டியில் இவற்றை ஊற்றவே கூடாது. 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் கலவை வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். ஆக்டேன் இடிப்பைத் தடுக்கும், இருக்கையைக் காக்காது. இரண்டும் வேறு வேறு வேலை.

சரி, நம் ஊர் வண்டிக்கு இது அவ்வளவு அவசியமா? இருக்கை தேய்வது பெரும்பாலும் நெடுநேரம் வேகமாக, பாரத்தோடு ஓடும் எஞ்சினில்தான். சிங்கப்பூரில் பழைய வண்டிகளுக்கான திட்டத்தில் பதிந்த கார், குறைந்தது 35 வயதானது, ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓடலாம். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். இப்படி நிதானமாக ஓடும் வண்டிக்கு அஞ்சி அஞ்சிப் புட்டி வாங்க வேண்டியதில்லை என்பதே எங்கள் எண்ணம். வடக்கு நோக்கி மலேசிய நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டுகிறவர் கட்டாயம் சேர்க்கட்டும். அலுமினியத் தலை கொண்ட எஞ்சினுக்கு ஆலையிலேயே தனி இருக்கை வளையம் பொருத்தியிருப்பார்கள். அதற்குப் பொதுவாகக் கலவை தேவையில்லை.

எங்கிருந்தாவது பழைய ஈயத் திரவத்தையே வாங்கி ஊற்றலாமே என்ற யோசனை மட்டும் யாருக்கும் வரக்கூடாது. அது தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும்.

இருக்கை தேய்ந்தால் வால்வு உள்ளே இறங்கும். டேப்பெட் இடைவெளி குறையும். கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும். ஆகவே அந்த இடைவெளியை அளந்தாலே நிலைமை தெரிந்துவிடும். மோரிஸ் மைனருக்கு அது 0.30 மில்லிமீட்டர். எஞ்சின் ஆறியிருக்கும்போது அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். வெளியேற்று வால்வில் மட்டும் அளவு மறுபடி மறுபடி குறைந்தால், தலையைக் கழற்றிப் பட்டறையில் கெட்டி எஃகு வளையம் பொருத்தச் சொல்லுங்கள். ஒருமுறை செலவு, அப்புறம் புட்டி வேண்டாம்.