திருவிழா மின்பிறப்பாக்கியும் நமது பொறுப்பும்

(தோப்பூரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சமயத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிப் பெரியோர் பலர் பேசிய இம்மேடையில், பல்கலைக்கழகத்திற் பயிலும் இளைஞராகிய நாம் ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் விழாக் காலத்தில் நூற்றுக்கணக்கானோரின் உயிர் அந்த இயந்திரத்தின் அருகிலேயே நடமாடுகின்றது. ஆதலால் அதைப் பற்றிப் பேசுவதும் தொண்டேயாகும்.

நாம் குறிப்பிடுவது, உழவு இயந்திரத்தின் பின்னே இழுத்து வரப்படும் சக்கரம் பூட்டிய மின்பிறப்பாக்கியை. மாலையில் வந்து சேர்கின்றது, ஒலிபெருக்கிக்காரர் அவசரப்படுகின்றார், மின்விளக்குச் சோடனைக்காரர் கம்பியை நீட்டுகின்றார், கண்ட இடத்தில் நிறுத்தி முடுக்கிவிடுகின்றோம். ஆபத்து இயந்திரம் ஓடும்போது வருவதாகவே நாம் எண்ணுகின்றோம். உண்மையில், முடுக்குவதற்கு முன்னுள்ள அரை மணி நேரத்திலேயே அது விதைக்கப்பட்டு விடுகின்றது.

முதலில் மேலே பார்க்க வேண்டும். தஞ்சாவூருக்கு அருகிலுள்ள களிமேடு என்னும் ஊரில், 2022 ஏப்பிரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேர் திருப்பத்தில் திரும்பியபோது, அதன் உச்சி உயரழுத்த மின்கம்பியிற் பட்டு 11 பேர் மாண்டனர். தேரின் பின்னே பூட்டியிருந்த மின்பிறப்பாக்கி திருப்பத்தில் சிக்கிக்கொண்டதென அப்போதைய செய்திகள் கூறின. இழுத்துச் செல்லும் இயந்திரம் முன்செல்வதன் போக்கையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. எனவே வரும் வழி, திரும்பும் இடம், நிறுத்தும் இடம் ஆகிய மூன்றையும் பகலிலேயே நடந்து பார்த்து, கம்பிக்குக் கீழ் அல்லாத இடத்தைத் தெரிதல் வேண்டும்.

அடுத்தது நிலம். ஒரு தொன் அளவு நிறையுடைய பொருள் சரிவில் நிற்கலாகாது. இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைத்தடையை இட்டு, முன்காலை இறக்கிய பின்னரே உழவு இயந்திரத்திலிருந்து கழற்ற வேண்டும். மணலாயின் முன்காலின் கீழ் அகன்ற பலகை இடுக. கழற்றும்போது இரண்டுக்கும் நடுவில் எவரும் நிற்கக் கூடாது.

மூன்றாவது, புகை. அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான பற்றுடன் சேர்கின்றது. தலைவலி, மயக்கம், பின் உறக்கம், அதன்பின் விழிப்பில்லை. 2020 ஓகஸ்டில் அமெரிக்காவின் லூசியானாவை லோரா புயல் தாக்கியபின், மின்சாரமில்லாத வீடுகளில் மின்பிறப்பாக்கியின் புகையால் பலர் மாண்டனர். புயலுக்குத் தப்பியவர்கள் புகைக்குத் தப்பவில்லை. ஆதலால் மடைப்பள்ளிக்கும், குழந்தைகள் உறங்கும் மண்டபத்துக்கும் 20 அடிக்குக் குறையாத தூரத்தில், காற்று புகையை அப்பால் கொண்டு செல்லும் பக்கத்தில் நிறுத்துக. ஆனி, ஆடியில் கச்சான் வீசும் பக்கம் வேறு. மார்கழியில் வாடை வீசும் பக்கம் வேறு. சென்ற முறை வைத்த இடமே இம்முறையும் சரியென எண்ணலாகாது.

நான்காவதே நாம் பெரிதும் மறப்பது, புவித்தொடுப்பு. இந்த இயந்திரம் றப்பர்ச் சக்கரத்தின் மேல் நிற்கின்றது. உள்ளே கம்பியின் உறை தேய்ந்து இரும்புச் சட்டத்தில் மின் ஏறினாலும், அது நிலத்துக்கு இறங்க வழியில்லை. தொடுபவரின் உடம்பே வழியாகிவிடும். மேற்கு வங்கத்தின் கூச் பெகார் மாவட்டத்தில், 2022 யூலை 31 இரவு, யல்பேஷ் சிவன் கோயிலுக்கு வாகனத்திற் சென்ற அடியார்கள் 10 பேர் மின் தாக்கி இறந்தனர். வாகனத்தின் பின்புறம் வைத்திருந்த மின்பிறப்பாக்கியின் கம்பி இணைப்பே காரணமாகலாமென முதல் விசாரணையிற் பொலிசார் கூறினர்.

செப்புக் கோலை ஆழமாக அறைந்து, தடித்த கம்பியால் சட்டத்தோடு இறுக்குக. கோடையில் மணல் காய்ந்திருக்கும். கோலைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுக. வீட்டு மின்சாரத்தில் நடுநிலைக் கம்பி மாற்றியினிடத்தில் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். தனித்து நிற்கும் மின்பிறப்பாக்கியில் அவ்விணைப்பை நாமே செய்விக்க வேண்டும். அது இல்லாவிடின் ட்ரிப் சுவிட்சு இருந்தும் பயனில்லை. கசியும் மின் திரும்பிவர வழியில்லாததால், சுவிட்சு அக்கசிவை உணராது. இது தேர்ச்சி பெற்ற மின்தொழிலாளியின் வேலை. நம்மில் எவரும் கைவைக்கலாகாது.

ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் உயிர். மின் நின்றவுடன், மின்பிறப்பாக்கியின் கம்பியை மண்டபத்துச் சுவர்ச் செருகியிலேயே செருகிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அம்மின் வீதிக்குச் சென்று, மாற்றியில் 230 வோல்ற்றிலிருந்து 33,000 வோல்ற்றாக உயர்ந்து, எங்கோ கம்பத்தில் ஏறித் திருத்தம் செய்துகொண்டிருப்பவரைக் கொல்லக்கூடும். நமக்கு விளக்கெரிய வேண்டுமென்று மழையில் ஏறியவர் அவர். இரண்டு மின்வழியும் ஒருபோதும் சேராதபடி தடுக்கும் சேஞ்சோவர் சுவிட்சு இல்லாமல் மண்டபத்து இணைப்பில் மின்பிறப்பாக்கியைத் தொடுக்கலாகாது.

இன்னும் இரண்டு சொற்கள். இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்ட பின்னரே எண்ணெய் ஊற்றுக. சுற்றிலும் கயிறு கட்டி, பிள்ளைகளை அப்பால் நிறுத்துக.

இவையெல்லாம் அரிய வித்தைகளல்ல. பின் ஏன் செய்யப்படுவதில்லை? எல்லோருடைய வேலையாகவும் இருப்பதால், ஒருவருடைய வேலையாகவும் இல்லை. பூவுக்கு ஒருவர், பந்தலுக்கு ஒருவர், பிரசாதத்துக்கு ஒருவர் என நியமிக்கின்றோம். மின்பிறப்பாக்கிக்கு மட்டும் எவருமில்லை. ஒலிபெருக்கிக்குக் கேட்ட பணத்தைக் கொடுக்கின்றோம். ஒரு செப்புக் கோலுக்கு மனம் வருவதில்லை.

ஆகையால் இச்சங்கத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த விழா முதல் ஒரே ஒருவரை இதற்கெனப் பெயர் சொல்லி நியமியுங்கள். அன்று அவருக்கு வேறு வேலை கொடாதீர்கள். மேலே கம்பி, கீழே நிலம், புகை, புவித்தொடுப்பு, சேஞ்சோவர் ஆகிய ஐந்தையும் பார்த்து அவர் சரியென்று சொல்லும்வரை இயந்திரம் ஓடக்கூடாது. பிரதம விருந்தினர் வந்து அமர்ந்துவிட்டாலும், கூட்டம் முணுமுணுத்தாலும், அவர் "இன்னும் இல்லை" என்றால் இல்லைதான். அந்த அதிகாரத்தை அவருக்கு நாம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அந்த வேளையில் கேட்டால் ஒருவரும் கொடுக்கமாட்டார்கள்.

விழா அரை மணி நேரம் பிந்தித் தொடங்கினால் தெய்வம் கோபிக்கப் போவதில்லை. வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வந்தபடியே வீடு திரும்புவதே அவ்விழாவின் நிறைவு. அதற்கு இளைஞராகிய நாம் முன்னிற்போமாக.