‘லெண்ட்’ என்னும் வினைச்சொல்
(வெள்ளி விழாவில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பெரும் பொருள்கள் பற்றிப் பேச அறிஞர் பலர் இம்மேடைக்கு வந்துள்ளனர். எனக்கோ, நம் மாணவர்கள் ஆங்கிலத் தாளில் அடிக்கடி தவறும் சொல் ஒன்றை விளக்குமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ‘லெண்ட்’ என்னும் வினைச்சொல்லை எடுத்துக்கொண்டேன். கடனாகக் கொடுத்தல் என்பது அதன் பொருள். சிறிய சொல்தான். ஆயினும், கடன் என்பதன் சுமையை நம் மக்களைப் போல் முதுகில் தாங்கி அறிந்தவர் யார்? ஆகவே இச்சொல்லை நாம் பிழையறக் கற்றல் வேண்டும்.

நான் கல்லூரியிற் புகுந்த முதலாண்டில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். நூலகத்தில் ஒரு நூலைச் சுட்டி, ‘பாரோ மீ திஸ் புக்’ என்று கேட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் நகைத்தார்கள். நூலகர் நகைக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, மேசையின் இருபுறமும் இருவரை வரைந்து, நடுவே ஓர் அம்புக்குறி இட்டார். “பொருள் எவர் கையிலிருந்து புறப்படுகிறதோ அவர் செய்வது லெண்ட். எவர் கையை அடைகிறதோ அவர் செய்வது பாரோ. நான் லெண்ட் செய்கிறேன், தம்பி, நீ பாரோ செய்கிறாய்” என்றார். அத்தாளைப் பல்லாண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தேன். ஆசிரியனான பின் ஆண்டுதோறும் அப்படத்தைக் கரும்பலகையில் வரைந்தேன்.

இப்பிழை நமக்கு ஏன் நேர்கிறது? தமிழில் ‘கடன்’ என்னும் பெயர்ச்சொல் ஒன்றே. கொடு, வாங்கு என்னும் துணைச் சொற்களே திசையைக் காட்டுகின்றன. ஆங்கிலத்திலோ கொடுப்பதற்கு ஒரு வினை, வாங்குவதற்கு வேறொரு வினை. ‘லெண்ட் மீ யுவர் பென்’ என்பது சரி. ‘பாரோ மீ யுவர் பென்’ என்பது பிழை. ‘லெண்ட்’ என்பதை அடுத்துப் பெறுபவரைச் சொல்லலாம், அல்லது பொருளைச் சொல்லிப் பின் ‘டு’ சேர்த்துப் பெறுபவரைச் சொல்லலாம். ‘பாரோ’ என்பதற்கோ ‘ஃப்ரம்’ வேண்டும். இறந்தகாலத்தில் ‘லெண்டெட்’ என்று எழுதுவோர் உளர். அது தவறு. நிகழ்காலத்தில் கடையெழுத்தாக நிற்பது ஆங்கில அரிச்சுவடியின் நான்காம் எழுத்து. இறந்தகாலத்தில் அவ்விடத்தில் இருபதாம் எழுத்து வரும், அவ்வளவே.

‘லோன்’ என்பதையும் வினையாக ஆளலாமா என்று மாணவர் கேட்பதுண்டு. பணத்துக்கும் பொருளுக்கும் அமெரிக்கர் அவ்வாறு ஆள்வர். பிரிட்டனில் அதனைப் பெயர்ச்சொல்லாக மட்டுமே கொள்வோர் பலர். தேர்வில் ‘லெண்ட்’ என்று எழுதினால் எங்கும் குறை காணார். வாடகை பெற்றுக்கொண்டு வீடோ மிதிவண்டியோ கொடுப்பது மட்டும் ‘லெண்ட்’ ஆகாது. அதற்கு வேறு சொற்கள் உண்டு.

ஒன்றில் தமிழ் ஆங்கிலத்தினும் நுட்பமானது. கொடுத்த அதே பொருள் திரும்ப வேண்டுமாயின் அது இரவல். நூலும் நகையும் இரவல். செலவழிந்துபோய் அதே அளவு திரும்ப வேண்டுமாயின் அது கடன். பணமும் நெல்லும் கடன். சில நாள்களுக்கு வட்டியின்றிக் கொடுப்பது கைமாற்று. இம்மூன்றையும் ஆங்கிலம் ‘லெண்ட்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. ஆதலின் மொழிபெயர்க்கும்போது, சென்றது எப்பொருள் என்று நோக்கியே தமிழ்ச்சொல்லைத் தேர்தல் வேண்டும்.

‘பாரோ’ என்னும் சொல்லின் வரலாறு நாம் கருதத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் பிணை, ஈடு எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது அது. கடன் என்றால் பிணை கேட்கும் வழக்கம் அச்சொல்லின் வேரிலேயே கிடக்கிறது. இதனைப் படித்தபோது எனக்கு என் பெரியப்பா நினைவுக்கு வந்தார்.

எங்கள் ஊரில் அறிமுகமான ஒருவர் கடன் பெறச் சென்றபோது, சாட்சிக் கையெழுத்து என்று சொல்லிப் பெரியப்பாவை அழைத்துச் சென்றார். கைநாட்டு வைக்காமல் தம் பெயரை எழுதியதில் பெரியப்பாவுக்கு அன்று பெருமிதம். ஆங்கிலத்தில் அச்சிட்ட அப்படிவத்தில் மூன்று இடங்கள் இருந்தன: ‘லெண்டர்’, அதாவது கடன் கொடுப்பவர், ‘பாரோயர்’, அதாவது கடன் பெறுபவர், ‘ஷூரிட்டி’, அதாவது பிணை நிற்பவர். அவர் கையொப்பமிட்டது மூன்றாவது இடத்தில். கடன் பெற்றவர் ஊரைவிட்டுப் போனார். பெரியப்பா தம் உழவு மாடுகளை விற்றுக் கட்டினார். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிடின், பிணை நின்றவரின் பொறுப்பும் கடன் பெற்றவரின் பொறுப்பும் ஒரே அளவின என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு. என் பெரியப்பா கையெழுத்திடக் கற்றவர். படிக்கக் கற்றவர் அல்லர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் ஓர் இணை மாடு.

இனி, நம் மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும் சொற்கள். தாழ்ந்தவன் ‘ஈ’ என்றும், ஒத்தவன் ‘தா’ என்றும், உயர்ந்தவன் ‘கொடு’ என்றும் கேட்பான் எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. கேட்கும் சொல்லிலேயே கேட்பவன் நிற்கும் இடம் குறிக்கப்பட்டது. ‘லெண்ட்’ என்னும் வினைக்கு அத்தகைய படிநிலை இல்லை. அரசு கொடுத்தாலும் அண்டை வீட்டார் கொடுத்தாலும் சொல் ஒன்றே. ஆங்கிலேயர் சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை என்பதன்று இதன் பொருள். இச்சொல்லின் இலக்கணம் கேட்பது இரண்டே: கொடுத்தது எது? அது திரும்புமா? கடன்பட்டவன் திருப்பித் தரவேண்டியது வாங்கிய பொருளை, தன்னை அன்று.

நம் முன்னோர்க்கு வாய்த்த கடனோ வேறு. திருமணத்துக்கோ ஈமச் சடங்குக்கோ வாங்கிய சிறு தொகைக்காகப் பண்ணையாளாகத் தம்மையே கொடுத்தனர். பின் தம் பிள்ளைகளையும் கொடுத்தனர். கொடுத்தவர் கணக்கில் அக்கடன் தீர்ந்ததே இல்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்களைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பையே நீக்கியது. ஆயினும் முன்பணம் என்னும் பெயரில் அவ்வழக்கம் இன்றும் சூளைகளில் தலைகாட்டுகிறது. முன்பணம் வாங்குமுன் தாளைப் படியுங்கள். படிக்கத் தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கடன் எல்லாம் தீது என்று கூறவில்லை. அண்ணல் அம்பேத்கர் இடையில் நின்ற படிப்பைத் தொடர 1920ஆம் ஆண்டு மீண்டும் இலண்டன் சென்றார். பேராசிரியர் பணியில் சேர்த்த தொகையும், கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அளித்த உதவியும் போதவில்லை. நண்பர் நவல் பதேனா ரூபாய் 5,000 கடனாகக் கொடுத்தார். ‘பதேனா லெண்ட்’, ‘அம்பேத்கர் பாரோ’ என்று எழுதிப் பாருங்கள். இரு வினைகளும் இரு சமமானவர்க்கிடையே நிற்கின்றன. ரூபாயின் சிக்கலை ஆய்ந்து அவர் எழுதிய நூல் 1923ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒருவனைக் கட்டிப்போடும் கடனும் உண்டு. கரையேற்றும் கடனும் உண்டு.

இறுதியாக, இச்சொல்லின் உருவக வழக்குகள். ‘லெண்ட் எ ஹேண்ட்’ என்பது கைகொடுத்தல். ‘லெண்ட் அன் இயர்’ என்பது செவிசாய்த்தல். இவ்விடங்களில் ‘லோன்’ என்னும் சொல் பொருந்தாது. ஒரு செயலுக்கு மதிப்பையோ வலிமையையோ சேர்ப்பதையும் ‘லெண்ட்’ என்பர். ஒன்றுக்கு இயல்பாகவே பொருந்தி வருவதை ‘லெண்ட்ஸ் இட்செல்ஃப்’ என்பர். ‘லெண்ட் ஒன்ஸ் நேம்’ என்பது ஒரு செயலுக்குத் தம் பெயரைப் பயன்படுத்த இசைதல். இவ்விசைவை அளிப்பதில் மட்டும் எச்சரிக்கையாயிருங்கள். நம்மவர் பெயரில் உரிமமும் ஒப்பந்தமும் பெற்றுப் பிறர் பயன் நுகர்வது நாம் காணாததன்று. கொடுத்த பணம் திரும்பலாம். கெட்ட பெயர் எளிதில் திரும்புவதில்லை.

பணத்தைக் கொடுத்தவர் திரும்பப் பெற எண்ணுவார். கையைக் கொடுத்தவரோ, செவியைக் கொடுத்தவரோ அவ்வாறு எண்ணுவதில்லை. இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக நமக்கு நூல்களை லெண்ட் செய்தது. கையையும் லெண்ட் செய்தது. நூல்களைத் திருப்பித் தராதவர் சிலர் இவ்வவையிலேயே இருக்கக்கூடும். அவர்கள் யார் என்று நான் கேளேன். நாளையே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். கொடுத்த கையை மட்டும் கழகத்துக்குத் திருப்பித் தர இயலாது. அதனை உங்கள் தெருவில் படிக்கும் அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள். ‘கடன்’ என்னும் நம் சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு அன்றோ?