காவல் நிலையத்துக் காகிதம்



செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி என்பதும், அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பதும், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் அன்றன்று அதற்குள் வரும் நீர் எவ்வளவு, வெளியேறும் நீர் எவ்வளவு என்பதும் இன்று பட்டம் பெறும் இவ்வூர்ப் பிள்ளைகளாகிய உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அவற்றை அறிவதற்கு நீங்கள் எந்த அலுவலகத்தின் வாசலிலும் நின்றதில்லை. பத்திரிகையும் தொலைக்காட்சியும் காலையில் தாமாகவே கொண்டுவந்து தருகின்றன. 2015 டிசம்பர் முதல் தேதியன்று இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டதையும், அடையாற்றுக் கரையில் உறங்கச் சென்ற ஜனங்கள் நடுநிசியில் நீருக்குள் விழித்ததையும் கண்ட பிறகு, ஏரியின் கணக்கை மூடிவைக்கலாம் என்று வாதிடும் துணிவு எந்த உத்தியோகஸ்தருக்கும் இல்லாமற்போயிற்று. ஆனால் அதே சர்க்காரின் மற்றோர் அங்கமாகிய காவல் நிலையத்தில், உங்களைப் பற்றியே எழுதப்பட்ட ஒரு காகிதத்தின் நகலை நீங்கள் கேட்கப் போவீர்களானால், அங்கே நிலவும் சம்பிரதாயம் முற்றிலும் வேறாக இருப்பதைக் காண்பீர்கள். அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். பட்டமளிப்பு விழாவுக்கு இது உகந்த விஷயந்தானா என்று முதல்வர் அவர்கள் நினைக்கக்கூடும். உங்களுள் பெரும்பாலோர் அடுத்த மாதம் முதல் ஏறப்போகும் கம்பெனி பஸ்கள் ஓடுகிற சாலையை எண்ணிப் பார்த்தால், இதைவிட உகந்த விஷயம் எனக்கு அகப்படவில்லை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று நீளும் இந்தத் தொழில் வட்டாரத்தில், கார்களை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரிகளும், ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்களும், இரவு வேலை முடிந்து உறக்கம் தோய்ந்த கண்களோடு இருசக்கர வாகனத்தில் திரும்பும் இளைஞர்களும் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்ளுகிறார்கள். அப்படித் திரும்புகிற ஒருவன் வீடு வந்து சேராமற்போனால், அவன் மனைவியோ தாயோ மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியிருக்கும். ஏறுவதற்கு முதல் தகவல் அறிக்கையும், பிரேதப் பரிசோதனை அறிக்கையும், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையும், பார்வை மகஜரும், சம்பவ இடத்தின் மாதிரி வரைபடமும் வேண்டியிருக்கும். விபத்து நேர்ந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் போலீசாரே தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த மத்திய விதிகள் கூறுகின்றன; அவற்றைத் தவறாது நிறைவேற்றும்படி அவ்வாண்டு டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்த வரம்போ, பலருடைய உரிமையைப் பாதித்து, உச்ச நீதிமன்றம் வரை வழக்காகப் போயிருக்கிறது. இத்தகைய நிலையில் அந்தக் காகிதம் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பத்தின் பொருளாதாரத்தில் விழும் வெட்டு என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தில் குறை என்று சொல்லவும் வழியில்லை. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பாதிக்கப்பட்டவரையும் அவ்வுரிமைக்குள் சேர்த்திருக்கிறது. 2016 செப்டம்பர் 7-ஆம் தேதி, இந்திய இளம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் பிரசுரிக்க வேண்டும், இணைய வசதி குறைந்த இடங்களிலும் 72 மணி நேரத்துக்கு மேல் போகலாகாது, பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றை மட்டுமே நிறுத்திவைக்கலாம், அப்படி நிறுத்தும் தீர்மானத்தையும் துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத அதிகாரியே செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வகுத்துக்கொடுத்தது. புகாரைப் பதிவு செய்யாமலே வைத்துக்கொள்ளும் தந்திரத்துக்கும் 2013-ஆம் ஆண்டு லலிதா குமாரி வழக்கின் தீர்ப்பு தடைபோட்டிருக்கிறது.

இவ்வளவு இருந்தும் காகிதம் ஏன் கைக்கு வருவதில்லை என்றால், மறுப்பவர் மறுப்பதாகச் சொல்லுவதில்லை என்பதே காரணம். "ரைட்டர் கோர்ட்டுக்குப் போயிருக்கார்", "ஐயா கையெழுத்துப் போடணும்", "பிரிண்டர் ரிப்பேர்", "அது எங்க லிமிட்டே இல்லம்மா", "சி.எஸ்.ஆர். ரசீது குடுத்திருக்கமில்ல, அது போதும்", எல்லாவற்றுக்கும் மேலாக, "நாளைக்கு வாங்க" என்னும் அந்தச் சர்வரோக நிவாரணி. இவற்றுள் எந்த வாக்கியத்தையும் நீதிபதியின் முன் எடுத்துவைத்து, இதோ என் உரிமை மறுக்கப்பட்டது என்று காட்ட முடியாது. காற்றில் பிறந்து காற்றில் கரைகிற சொற்களை எந்தச் சட்டத்தாலும் தண்டிக்க முடிவதில்லை. எழுத்தில் வந்த மறுப்பை மட்டுமே அதற்குக் கையாளத் தெரியும். ஆதலால் பொது ஆவணச் சட்டங்களை அமல்படுத்துவது என்னும் பெரிய காரியத்தின் பெரும்பகுதி, வாய்மொழியாக வரும் மறுப்பை எழுத்தாக மாற்றுவதிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நியாயஸ்தலத்தில் வாதிடுவது அதன் பிறகு வருகிற எளிய பகுதி.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இயற்றியவர்கள் இந்தத் தந்திரத்தை அறிந்தே இருந்தார்கள். தமிழ்நாடு 1997-லேயே, மற்ற மாநிலங்களுக்கு முன்னதாக, அப்படியொரு சட்டம் செய்துகொண்டது. ஆனால் விலக்குகள் மலிந்த அந்தச் சட்டத்தால் பயனடைந்தவர்கள் சொற்பம். 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ, 30 நாட்களுக்குள் பதில் தராத மௌனமே மறுப்பாகக் கருதப்படும் என்று ஒரு சிறிய உட்பிரிவை வைத்தது. ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவலானால் அவகாசம் 48 மணி நேரந்தான். மறுத்தது நியாயம் என்று நிரூபிக்கும் பாரம் அதிகாரியின் தலையில் இருக்கிறது. காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.250 வீதம் ரூ.25,000 வரை அபராதம் விதிக்கலாம். அதை அவர் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆனால் இந்த யந்திரம் முழுவதும் அசையத் தொடங்குவதற்கு, தேதி முத்திரையிட்ட ஒரு ரசீதோ, பதிவுத் தபாலின் ஒப்புகைச் சீட்டோ விண்ணப்பதாரரிடம் இருந்தாக வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு மனுவைத் தபாலில் சேர்ப்பதற்குப் பதிலாகப் பத்து நாள் சம்பளத்தை இழந்து ஸ்டேஷனுக்கு நடப்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு அந்த மனுவை எழுதிக்கொடுக்கக்கூடிய ஒருவராவது ஒவ்வொரு தெருவிலும் இருக்க வேண்டும். இனி அந்த ஒருவர் நீங்கள்தாம்.

எழுத்தில் மறுப்பு வரும்போது, "விசாரணை நடைபெறுகிறது" என்னும் வாசகம் அதில் தவறாமல் இருக்கும். சட்டத்தின் எட்டாம் பிரிவு, விசாரணைக்கு இடையூறு விளைவிக்கும் தகவலை மறுக்கலாம் என்றுதான் கூறுகிறது. விசாரணை நடக்கிறது என்பதனாலேயே மறுக்கலாம் என்று கூறவில்லை. 2007 டிசம்பரில் பகத் சிங் என்பவர் தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ரவீந்திர பட், இடையூறு எவ்வாறு நேரும் என்பதை அதிகாரி காரணத்தோடு காட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் இந்த ஒரு தீர்ப்பைச் சுட்டினாலே பல மறுப்புகள் நிலைகுலையும். மாநிலத் தகவல் ஆணையத்தில் வழக்குகள் தேங்குகின்றன, அபராதம் அபூர்வமாகவே விதிக்கப்படுகிறது என்ற குறைகள் உண்மையே. காலியான ஆணையர் இடங்களை உரிய காலத்தில் நிரப்புங்கள் என்று 2019-இல் அஞ்சலி பரத்வாஜ் வழக்கில் உச்ச நீதிமன்றமே கூற வேண்டியிருந்தது. ஊழலைத் துருவ வேண்டிய லஞ்ச ஒழிப்புத் துறையையே 2008-இல் ஓர் அரசாணை இச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைத்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி விலக்குப் பெற்ற துறையும் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலைத் தந்தே தீர வேண்டும் என்று சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பது நல்லகாலம்.

தகவலை அடைத்துவைத்தால் அமைதி நிலைக்கும் என்று எண்ணும் அதிகாரிகள், இந்த வட்டாரத்துச் சரித்திரத்தில் 2021 டிசம்பர் 17-ஆம் தேதி இரவை நினைவுகூர வேண்டும். பூந்தமல்லி அருகே விடுதியில் உண்ட உணவால் செல்பேசித் தொழிற்சாலைப் பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றபோது, யார் எந்த ஆஸ்பத்திரியில் எப்படியிருக்கிறார்கள் என்ற விவரம் தோழியருக்குச் சரிவரக் கிட்டவில்லை. அந்த வெற்றிடத்தில் சாவு வதந்தி புகுந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டார்கள். இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்கள் உயிரோடிருப்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டிய பிறகே வதந்தியின் வேகம் அடங்கிற்று. வதந்தி பரப்பியதாக வழக்குப் போடுவது சுலபம். முதல் நாளே ஒரு பட்டியலை விடுதி வாசலில் ஒட்டியிருந்தால் அவ்வழக்குகளுக்கு அவசியமே நேர்ந்திராது.

இதன் மறுபுறத்தையும் மறைக்கலாகாது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி ஒருவர் கொடுத்த பாலியல் புகாரின் முதல் தகவல் அறிக்கை, யார் கண்ணிலும் படலாகாத ஒன்று, இணையத்தில் அகப்பட்டு அவருடைய அடையாளம் ஊரெங்கும் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் விசாரணைக்குச் சிறப்புக் குழு அமைத்து, அவருக்கு ரூ.25 லட்சம் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மறைக்க வேண்டியதைப் பகிரங்கமாக்குவதும், பகிரங்கமாக்க வேண்டியதை மறைப்பதும் ஒரே அசிரத்தையின் இரண்டு முகங்கள். கேட்டவர் யார், அவருக்கு அதில் என்ன உரிமை என்று ஆராயாத மனமே இரண்டையும் செய்கிறது. இந்த ஒரு பிழையைக் காரணங்காட்டி இணையப் பிரசுரம் முழுவதையும் நிறுத்திவிடலாம் என்பாரும் உளர். அது எனக்கு உடன்பாடன்று.

பிரசுரத்தின் பயனுக்குச் சான்றாக, நம் போலீஸ் ஸ்தாபனமே ஓர் அறிக்கை வெளிவந்ததால் உருப்பெற்றது என்பதைச் சரித்திர மாணவர்கள் அறிவார்கள். வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் ரயத்துகள் பட்ட சித்திரவதையை விசாரித்த சென்னை மாகாணக் குழுவின் அறிக்கை 1855-இல் அச்சேறியது. அந்நிய ஆட்சி தன் ஊழியர்களின் கொடுமையைத் தானே அச்சிட்டு வெளியிட்ட அபூர்வ சந்தர்ப்பம் அது. அதன் தொடர்ச்சியாகவே வருவாய் ஊழியர்களிடமிருந்து போலீஸ் அதிகாரத்தைப் பிரித்து 1859-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது.

இந்தக் கல்லூரியிலிருந்து எஸ்.ஐ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள் பலர் என்று கேள்விப்படுகிறேன். கணினி பயின்றவர்களுள் சிலர் நாளை ஏதோ ஒரு ஸ்டேஷனின் காமிராப் பதிவைப் பராமரிக்கும் வேலையையும் ஏற்கக்கூடும். உங்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வதைபட்டு இறந்தபோது, விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட், அந்த ஸ்டேஷனின் காமிராப் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு எழுதினார். ஆவணங்களைக் காப்பதற்காக ஒரு காவல் நிலையத்தையே வருவாய்த் துறையினரின் பொறுப்பில் வைக்க வேண்டிய நிலை அப்போது ஏற்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன்தோறும் காமிரா வைத்து அதன் பதிவை 18 மாதம் வரை பாதுகாக்க வேண்டும் என்றும், அவ்வளவு வசதியில்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையலாகாது என்றும் ஆணையிட்டது. பதிவு எத்தனை நாளில் அழிய வேண்டும் என்று அந்த யந்திரத்தில் எண்ணைப் பதிக்கும் கை உங்களில் ஒருவருடையதாக இருக்கலாம். மேலதிகாரி அந்த எண்ணைக் குறைக்கச் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.