மருத்துவமனையில் காது கேளாதோர்: கிராமம் செய்ய வேண்டிய பணி

(சிங்காநல்லூரில் ஊராட்சிச் செயலாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோர் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிராம முன்னேற்றம் என்றால் சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் என்றே நாம் பெரும்பாலும் பேசி வருகிறோம். அவை கண்ணுக்குத் தெரியும் பணிகள், அளந்து கணக்கெழுதலாம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கண்ணுக்குத் தெரியாத ஒரு தடையைப் பற்றியது. மருத்துவமனை வரையில் சாலை போட்டாயிற்று, பஸ்ஸும் விட்டாயிற்று, டாக்டரும் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. ஆயினும், டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள இரண்டு முழ தூரத்தைக் கடக்க மாட்டாமல் திரும்பி வருகிறவர்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்கள் காது கேளாதவர்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் செவிக்குறை உடையோராகப் பதிவானவர்கள் இந்நாட்டில் சுமார் 50 லட்சம் பேர்.

இதைப் பற்றிச் சிங்காநல்லூரில் பேசுவது பொருத்தமே. இவ்வூர் 1981-இல் கோவை மாநகராட்சியுடன் இணைந்துவிட்டது. எனினும் இருகூர், சூலூர், கண்ணம்பாளையம் முதலிய ஊர்களிலிருந்து வைத்தியத்துக்கு வருவோர் பலர் இங்கேதான் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள். தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. திட்டம் நம் மாநிலத்தில் 1955-ஆம் ஆண்டு கோவையில்தான் தொடங்கியது. அதன் பெரிய மருத்துவமனை இவ்வூரிலேயே நிற்கிறது.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில் விசைத்தறித் தொழிலாளி ஒருவர் இருந்தார். பிறவியிலேயே காது கேளாதவர், தொழிலில் கெட்டிக்காரர். ஒரு நாள் வயிற்றின் வலப்புறம் கடுமையான வலி கண்டு, தனியாகவே ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் அமர்ந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். நண்பகலில் கதவை மூடிய சிப்பந்தி, நாளைக்கு வரும்படி கையைக் காட்டினார்.

மறுநாள் கதவருகிலேயே நின்று எப்படியோ உள்ளே போய்விட்டார். "எத்தனை நாளாக வலி? வாந்தி உண்டா? காய்ச்சல் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். இவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. வயிற்று வலிக்கான மாத்திரைகளுடன் வீடு திரும்பினார். மூன்றாம் நாள் இரவு குடல்வால் வெடித்துவிட்டது. வேறோரிடத்தில் அறுவை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். தறிக்குத் திரும்ப வெகு நாட்களாயின.

அந்த மருத்துவமனையைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவருக்கு உதவித்தொகை பெற்றுத் தரலாம் என்று காகிதங்களைத் தேடியபோது, அவர் ஆறு மாதங்களுக்கு முன்பே நம் அலுவலகத்தில் கொடுத்த மனு ஒன்று கிடைத்தது. அதன் ஓரத்தில், "மும்முறை அழைத்தும் மனுதாரர் ஆஜராகவில்லை, முடிக்கப்படுகிறது" என்று குறிப்பு இருந்தது. அதன் கீழ் இருந்தது நம் கையொப்பம். விசாரித்தோம். மூன்று நாட்களும் அவர் நம் அலுவலகத் திண்ணையில்தான் அமர்ந்திருந்தார். நாம் அழைத்தது உண்மை. அவர் வந்திருந்ததும் உண்மை. மருத்துவமனையில் நேர்ந்தது அதற்கு முன்பே நம் திண்ணையில் நேர்ந்திருக்கிறது. அந்தக் குறிப்பே இன்று நம்மைப் பேச வைத்திருக்கிறது.

தலையாட்டம் சம்மதம் ஆகாது

காது கேளாதவர் தலையை ஆட்டினால், "நீங்கள் பேசுவதைப் பார்த்தேன்" என்பதே பெரும்பாலும் அதன் பொருள், "புரிந்துகொண்டேன்" என்பதன்று. மறுபடி மறுபடி கேட்டால் எதிரிலிருப்பவர் முகம் சுளிப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியவர், சுளிப்புக்கு அஞ்சித் தலையாட்டக் கற்றுக்கொள்கிறார்.

உதட்டைப் பார்த்தே பேச்சை அறிந்துகொள்வார்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். கண்ணாடி முன் நின்று "மருந்து" என்றும் "பருந்து" என்றும் ஒலி எழுப்பாமல் சொல்லிப் பாருங்கள்; உதடு இரண்டுக்கும் ஒன்றே போல் அசையும். "வலி", "வழி" என்பவற்றின் வேறுபாடு வாய்க்குள் நாவில் இருக்கிறது, வெளியே தெரியாது. 2020-இல் கொரோனா நோய் பரவி எல்லோரும் முகக்கவசம் அணிந்தபோது, இந்த அரைகுறை உதவியும் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

எழுதிக் காட்டினால் போதாதா என்று கேட்கலாம். படித்தவர்க்குப் போதும், இடையில் காது மந்தமானவர்க்கும் போதும். பிறவியிலேயே கேளாதவர் பலருக்கோ, தமிழ் காது வழியே வந்த தாய்மொழி அன்று. சைகையே முதல் மொழி. "சாப்பிடலாம்", "சாப்பிடலாகாது" என்னும் இரு சொற்களும் தொடக்கத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. உயிரைக் காக்கும் வேறுபாடு சொல்லின் வாலில் ஒளிந்திருக்கிறது. ஆகவே சிறு வாக்கியங்களாக எழுத வேண்டும். படம் வரைய வேண்டும். சூரியனும் சந்திரனும் போட்டு, எந்த வேளைக்கு எத்தனை மாத்திரை என்று காட்ட வேண்டும்.

எக்ஸ்ரே அறையையும் நினைத்துப் பாருங்கள். "மூச்சைப் பிடியுங்கள்" என்னும் கட்டளை தடுப்புக்குப் பின்னிருந்து வருகிறது. கேளாதவருக்கு அது தெரிவது எப்படி? முன்னதாகவே சைகையால் சொல்லிக் கொடுத்து, தோளைத் தொட்டோ விளக்கைக் காட்டியோ அடையாளம் செய்துகொண்டால் வேலை எளிதாய் முடியும்.

ஆலைச் சத்தமும் காதும்

இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. பல ஆண்டுகள் ஆலையிலும் தறிக்கூடத்திலும் உழைத்து, சிறிது சிறிதாகச் செவி மங்கியவர்கள். இவர்கள் நன்றாகப் பேசுவார்கள். ஆகையால் காது கேளாதவர் என்று யாரும் அறிவதில்லை. அவர்களே ஒப்புக்கொள்வதும் இல்லை. தறிக்கூடத்தின் இரைச்சல் பல இடங்களில் 90 டெசிபலைத் தாண்டும். இரைச்சலால் செவி கெடுவதைச் சட்டம் தொழில்நோய் என்று ஏற்றிருக்கிறது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும் 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்திலும் அது இடம் பெற்றிருந்தது. வயது முதிர்ந்த ஆலைத் தொழிலாளி டாக்டர் சொன்னதற்குப் பொருத்தமில்லாத பதில் கூறினால், அவர் புத்தி தடுமாறிற்று என்று எண்ணாமல் முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வீட்டார் பேசுவது போதுமா?

பெரும்பாலான வீடுகளில் மாமியாரோ அண்ணனோ உடன் வந்து நோயாளிக்காகப் பேசுகிறார். அன்பினால் செய்வதுதான். ஆனால் டாக்டர் அவரிடமே கேட்கிறார். அவரே விடை சொல்கிறார். நோயாளி நடுவில் பொம்மை போல் அமர்ந்திருக்கிறார். அரை மணி நேரம் பேசியதை வெளியே வந்து, "ஒன்றுமில்லை, மருந்து சாப்பிடு" என்று ஒரே சைகையில் முடித்துவிடுகிறார்கள். சில வீடுகளில் பள்ளியில் படிக்கும் மகளே தாயின் கருப்பை நோயைப் பற்றிச் சைகையில் எடுத்துச் சொல்ல நேர்கிறது. தாய்க்கும் வெட்கம், குழந்தைக்கும் தாங்கொணாச் சுமை.

அறுவைக்கும் கருத்தடைக்கும் சம்மதம் பெறும்போது இது இன்னும் பெரிய விஷயமாகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தாமே அறிந்து மனமுவந்து அளித்த சம்மதமின்றி எவருக்கும் பிள்ளைப் பேற்றை நிறுத்தும் சிகிச்சை செய்யலாகாது என்று விதிக்கிறது. கைநாட்டு மட்டும் சம்மதம் ஆகாது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் எல்லாப் பகுதிகளிலும் தடையின்றி அணுகும் வசதியும், சிகிச்சையில் முன்னுரிமையும் வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது.

பிற நாடுகளும் இப்பாடத்தை வழக்கு மன்றத்தில்தான் கற்றன. கனடாவில் காது கேளாத தாய் ஒருவர் குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். ஒரு குழந்தையின் இதயத் துடிப்பு தாழ்ந்தது என்பதைச் செவிலியர் கையசைவால் காட்ட முயன்றார். பிறந்தவுடன் குழந்தைகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள். நலமாக இருக்கின்றன என்று ஒரு துண்டுக் காகிதம்தான் தாய்க்குக் கிடைத்தது. அவரும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில், தக்க சிகிச்சைக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் இடத்தில் அரசு ஏற்பாடு செய்வது கடமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் அடித்தளம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். புது தில்லியில் 2015-இல் அமைந்த இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. மருத்துவச் சொற்களும் அதில் உண்டு.

நாம் செய்யத்தக்கவை

பெரும் பொருள் வேண்டாத சில காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வோர் ஊராட்சியிலும் காது கேளாதோர் யார், அவர்கள் எம்முறையில் செய்தியை அறிவார்கள்—சைகையா, எழுத்தா, உரத்த பேச்சா—என்று கிராம சுகாதாரச் செவிலியர் ஓர் ஏட்டில் குறித்து வைக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுதோறும் செல்லும் பணியாளர்க்கும் அக்குறிப்பு பயன்படும்.

இரண்டாவது, "எனக்குக் காது கேளாது, என் முறை வந்ததும் தோளைத் தொட்டு அழையுங்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றை அவர்களிடம் கொடுங்கள். நோய் தொடங்கிய நாள், ஒவ்வாத மருந்து, முன் செய்த அறுவை ஆகியவற்றை அதன் மறுபக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தறித் தொழிலாளியிடம் அப்படி ஓர் அட்டை இருந்திருந்தால், முதல் நாளே உள்ளே போயிருப்பார்.

மூன்றாவது, பெயர் கூப்பிடும் எல்லா இடங்களிலும் எண்ணை எழுதிக் காட்டும் பலகை வேண்டும். மின்பலகைதான் வேண்டும் என்பதில்லை; கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் போதும். நம் அலுவலகத் திண்ணையில் அப்படித்தான் தொடங்கினோம்.

நான்காவது, மகளிர் குழுவினர் வலி, காய்ச்சல், வாந்தி, மயக்கம், இரத்தம், கருவுற்றிருத்தல் முதலியவற்றுக்கான இருபது சைகைகளையேனும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலுள்ள காது கேளாதவரே அதற்கு ஆசிரியராக இருக்கட்டும். அறுவை, பிரசவம் போன்ற காரியங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் மூலம் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை நாடுங்கள். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்துவிட்ட இக்காலத்தில், அவர் தொலைவிலிருந்தும் உதவலாம்.

ஐந்தாவது, "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், "எப்படிச் சாப்பிடுவீர்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். நோயாளி தாமே செய்து காட்டிய பிறகே மருந்துச் சீட்டு முடிந்தது என்று கொள்ளுங்கள்.

இறுதியாக, குழந்தைகள். ஒலி கேட்டுத் திரும்பாத குழந்தையை, "பேச்சு தாமதமாக வரும்" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். செவியுள் கருவி பொருத்தும் அறுவைக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு. அது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே. கடந்துபோன வயது திரும்பி வராது.

அன்பர்களே! அந்தத் தொழிலாளி இன்று தறியில் வேலை செய்கிறார். நம் அலுவலகத்துக்கு வரும்போது, பலகையில் தம் எண்ணைப் பார்த்து எழுந்து வருகிறார். அவருக்கு நாம் புதிதாக ஒன்றும் கொடுத்துவிடவில்லை. மற்றவர்க்கெல்லாம் முன்பே கிடைத்துவந்த முறையை அவருக்கும் கிடைக்கச் செய்தோம், அவ்வளவே. நாளை நீங்கள் உங்கள் ஊருக்குத் திரும்பியதும், அழைத்தும் வராதவர் யார் என்று பழைய ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். அவர்கள் வந்திருக்கக்கூடும்.