சுதந்திரம் யாருக்கு?
(ஐதராபாத் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தேர்தலில் கட்சி சாராமல் நிற்பவரை நாம் 'சுயேச்சை' என்கிறோம். இங்கே தெலுங்கில் 'ஸ்வேச்ச' என்றால் விடுதலை. கட்சி சாராதவர் 'ஸ்வதந்திர' வேட்பாளர். ஊர் மாறினால் சொல்லின் பொருளும் மாறுகிறது. 'லிபர்டேரியன்' என்ற சொல்லின் கதையும் அதுதான்.

1858-இல் நியூயார்க்கில் 'லெ லிபர்தேர்' என்ற ஏட்டைத் தொடங்கிய ழோசப் தெழாக், அரசியல் காரணங்களால் நாட்டைவிட்டு வெளியேறிய பிரெஞ்சுத் தொழிலாளி. அரசும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம் என்றவர். சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யாவும் பின்னாளில் அவ்வழி நின்றவரே.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கச் சொத்துரிமைக்காரர்கள் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 'அரசே, சந்தையில் தலையிடாதே' என்பது புதுப்பொருள். 1959-இல் ராஜாஜி தொடங்கிய, ஆந்திரத்து என்.ஜி. ரங்கா தலைமையேற்ற சுதந்திராக் கட்சி, லைசென்ஸ்-பெர்மிட் ஆட்சியை எதிர்த்துப் பேசியதும் ஏறத்தாழ இதையே.

தோழர்களே! ஆளை வைக்கவும் நீக்கவும் முதலாளிக்குச் சுதந்திரம் வேண்டும் என்பார்கள். சங்கம் அமைக்கும் சுதந்திரத்தை அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு நமக்கும் தந்திருக்கிறது. அதைச் சொல்லமாட்டார்கள்.

ஆகவே, சுதந்திரம் என்று எவர் முழங்கினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: யாருக்கு? யாரிடமிருந்து?